ஆரோட ஆர் பயணம் போறாங்கள்? ட்ரவல்ஸ் டேட்டாவும் கிராஃப் குவெரியும் – கேள்வி பதில்

கொழும்பில ட்ரவல்ஸ்காரருக்கு கஸ்டமர் டேட்டா வேலை செய்துகொண்டு இருக்கிறன். கிராஃப் டேட்டாபேஸ் (ஆக்களையும் அவையின்ர தொடர்புகளையும் புள்ளியும் கோடுமாச் சேமிக்கிற முறை) பற்றிக் கேளுங்கோ எண்டு சொன்னதுக்கு நிறையக் கேள்வி வந்தது, ஒரே மாதிரி வந்ததுகளைச் சேர்த்துப் பதில் சொல்லுறன்.

கொட்டாஞ்சேனையில ட்ரவல்ஸ் வச்சிருக்கிற அண்ணா: எங்கட்ட எக்செல்ல 6,000 பேர் இருக்கினம். அது காணாதோ?

பேர், போன் நம்பர், எந்த டூர் போனவர் எண்டு பாக்க எக்செல் தாராளமாக் காணும் அண்ணா. ஆனா இப்பிடி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கோ: போன வருசம் வேளாங்கண்ணி போன ஆக்களோட வேற ஏதாவது டூருக்கு ஒண்டாப் புக் பண்ணின, ஆனா இன்னும் வேளாங்கண்ணி போகாத ஆக்கள் ஆர்? எக்செல்ல இதுக்கு ஒரு நாள் போகும், மைஎஸ்கியூஎல் மாதிரி டேபிள் வச்ச டேட்டாபேஸில எண்டா ஒரே டேபிளை நாலு தரம் ஜொயின் பண்ணி, அதாவது தன்னோடயே பொருத்திப் பாக்கவேணும். கிராஃப்ல தொடர்பே ஒரு பொருளாச் சேமிச்சுக் கிடக்கு, அதைப் பிடிச்சுக்கொண்டு ஒரு ஆளிட்ட இருந்து அடுத்த ஆளிட்ட நடந்து போறதுதான் குவெரி, அதாவது டேட்டாவிட்ட கேக்கிற கேள்வி. நியோ4ஜே எண்ட கிராஃப் டேட்டாபேஸில பாவிக்கிற சைஃபர் எண்ட குவெரி மொழியில அதைப் படம் கீறுற மாதிரியே எழுதலாம், வட்ட அடைப்புக்குள்ள ஆள் இல்லாட்டி புக்கிங், சதுர அடைப்புக்குள்ள தொடர்பு:

மேட்ச் (நான்:ஆள்)-[:உள்ளவர்]->(:புக்கிங்)<-[:உள்ளவர்]-(மற்றவர்:ஆள்)

ஒரு புக்கிங்கில நான் இருக்கிறன், அதே புக்கிங்கில இன்னொராளும் இருக்கிறார், அவ்வளவுதான். 6,000 பேர் இதுக்குச் சின்னத் தொகை, காசில்லாமக் கிடைக்கிற கொம்யூனிட்டி எடிஷனைப் போட்டு உங்கட லப்டொப்பிலயே ஓட்டலாம்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கச்சி: எதை நோட் ஆக்கிறது, எதை ப்ரொப்பர்ட்டியா விடுறது எண்டு குழப்பமா இருக்கு அண்ணா.

நல்ல கேள்வி தங்கச்சி, முக்கால்வாசி வேலை இதிலதான் இருக்கு. நோட் எண்டா கிராஃபில நிக்கிற புள்ளி, ப்ரொப்பர்ட்டி எண்டா அந்தப் புள்ளிக்குள்ள எழுதிவைக்கிற விபரம். பேர், பிறந்த திகதி ப்ரொப்பர்ட்டியாக் கிடக்கட்டும். போன் நம்பரையும் வீட்டு விலாசத்தையும் தனித்தனி நோட் ஆக்குங்கோ. ஏனெண்டா ரெண்டு பேர் ஒரே நம்பர் நோட்டில வந்து முட்டேக்கதான் இது ஒரு வீட்டு ஆக்கள் எண்டு தெரியும். வெளிநாட்டுப் பாடங்கள்ல குடும்பப் பேரை வச்சு வீட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லுவினம், எங்கட சனத்துக்கு அது சரிவராது. பிள்ளையளுக்குத் தகப்பன்ர பேர், தகப்பனுக்கு அவற்ற தகப்பன்ர பேர், ஒரே வீட்டில மூண்டு தலைமுறைக்கு மூண்டு கடைசிப் பேர். போதாததுக்கு ஒரே பேரை இங்கிலீசில நாலு விதமா எழுதுறம்.

டேட்டாவை உள்ளுக்கு விடமுதல் நம்பர்களைத் துப்புரவாக்குங்கோ. 077 எண்டு தொடங்கிறதும் 94 77 எண்டு தொடங்கிறதும் ஒரே போன்தான். அடையாள அட்டையும் அப்பிடித்தான், 2016ல இருந்து 12 இலக்கப் புது நம்பர் வந்திட்டுது, பழசு 9 இலக்கமும் ஒரு எழுத்தும். பழசின்ர முன்னால 19 போட்டு, பழசில இருந்த முதல் ஐஞ்சு இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0 செருகி, கடைசி எழுத்தை எடுத்துவிட்டா புதுசு வரும். இதைச் செய்யாட்டி ஒரே அம்மா ரெண்டு ஆளா நிப்பா, அவவின்ர தொடர்புகளும் பாதி பாதியாப் பிரிஞ்சு போகும்.

அதே தங்கச்சி: எல்லாரும் ஒரே கூட்டமா ஒட்டிக்கொண்டு வருகினமே?

கட்டாயம் எங்கயோ ஒரு பொது நம்பர் இருக்கு. எனக்கே நடந்தது. ஒரு கம்பனியில கவுண்டர்ல இருந்த பிள்ளையள் கஸ்டமர் நம்பர் குடுக்காட்டி ஒபிஸ் லேண்ட்லைனை அடிச்சு விட்டிருக்கினம், நான் அதைப் பாக்காம குவெரியை ஓட்ட, நூற்றுக்கணக்கான ஆக்கள் ஒரே வீட்டுச் சனமா வந்திட்டினம். குடும்ப டிஸ்கவுண்ட் மெசேஜும் போட்டுது. ஒரு ஐயா எடுத்து, நான் தனிக்கட்டை, என்ர குடும்பம் எண்டு ஆரைச் சொல்லுறீங்கள் தம்பி எண்டு கேட்டார். எனக்கு அண்டைக்கு முழுக்கச் சரியாச் சாப்பிட ஏலேல்ல. இப்ப எதை ஓட்டினாலும் முதல்ல எந்த நோட்டில ஆகக்கூடத் தொடர்பு கிடக்கெண்டு இறங்குவரிசையில ஒரு லிஸ்ட் எடுத்துப் பாத்திட்டுத்தான் மற்ற வேலை. ஒரு போனில 8 பேருக்கு மேல தொங்கினா நான் அதை வீடாக் கணக்கெடுக்கிறதில்ல.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு அக்கா: மற்ற ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாற ஆளைக் கண்டுபிடிக்க ஏலுமோ?

ஏலும் அக்கா, காசு வாறது அங்கதான். சபரிமலைக் குறூப்பை நினைச்சுப் பாருங்கோ, 25 சாமிமாருக்கு ஒரு குருசாமி. பயணிகள் லிஸ்டில அவரும் ஒரு பேர்தான், ஆனா புக்கிங்குக்குக் காசு கட்டினதும் போன் குடுத்ததும் அவர். அதுக்கு ‘கட்டினவர்’ எண்டு ஒரு தனித் தொடர்பு வச்சு எண்ணினாலே காணும், பெரிய அல்கோரிதம் ஒண்டும் வேண்டாம். இவைக்கு டிஸ்கவுண்டை விட, கேட்ட உடன ஆளனுப்பி உதவுறதுதான் பிடிக்கும், நான் கண்டது அது.

இன்னொரு வகையும் இருக்கினம், அவையைத்தான் எல்லாரும் தவற விடுறது. ஒரு அன்ரி கோயில் ஆக்களோட நல்லூர்த் திருவிழாவுக்கும் போறா, வேலை செய்யிற வங்கி ஆக்களோட பாங்கொக்கும் போறா. அவவுக்குத் தொடர்பு கொஞ்சம்தான், ஆனா ரெண்டு வட்டத்துக்கும் நடுவில இருக்கிற ஒரே பாலம் அவ. பிட்வீன்னெஸ் கணக்கு, அதாவது மற்ற ஆக்களுக்கு இடையில இருக்கிற ஆகக் கிட்டின வழிகள்ல எத்தினை ஒராளுக்கால போகுதெண்டு எண்ணுறது, இந்த மாதிரி ஆக்களை மேல கொண்டுவரும். பாங்கொக் பக்கேஜைக் கோயில் வட்டத்துக்குச் சொல்லவேணுமெண்டா முதல் அவவோட கதையுங்கோ.

கணினி படிக்கிற ஒரு தம்பி: மூண்டு படி தள்ளிப் பாக்கிற குவெரி ராத்திரி முழுக்க ஓடியும் முடியேல்ல.

ஒரே பஸ்ஸில போனவை எல்லாரையும் ஒருத்தரோட ஒருத்தர் இணைச்சிருப்பாய். ஒராளுக்கு 40 பேர் எண்டா ரெண்டாம் படியில 1,600 வழி, மூண்டில 64,000, அதுவும் ஒரே ஒராளிட்ட இருந்து வெளிக்கிட்டா. பஸ்ஸில பக்கத்தில இருந்தவர் சொந்தமும் இல்ல சிநேகிதமும் இல்ல, புக்கிங் வழியா மட்டும் நட, ரெண்டு படியோட நிப்பாட்டு, எத்தினை விடை காணும் எண்டு லிமிட் போடு.

அவரே: சைஃபர் படிச்சா வீணாப் போகுமோ?

போகாது. 2024ல கிராஃப் குவெரி மொழிக்கு ஜிகியூஎல் எண்டு ஐஎஸ்ஓ சர்வதேசத் தரமே வந்திட்டுது, அதின்ர எழுத்து முறை சைஃபருக்குக் கிட்ட. பயப்பிடாமப் படி.

தெஹிவளையிலிருந்து ஒரு ஐயா: இப்பிடி ஆக்களைத் தோண்டிப் பாக்கிறது சரியோ தம்பி?

ஐயா, இதை நான் ஒவ்வொரு முறையும் யோசிக்கிறன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் விளம்பர மெசேஜ் அனுப்பச் சம்மதம் கேக்குது, சமயம் பற்றின விபரத்தை விசேட வகையா வச்சிருக்கு. வேளாங்கண்ணி, சபரிமலை எண்டு ஒரு டூர் பேரைச் சேமிச்சாலே ஒராளின்ர சமயத்தை ஊகிக்கலாம், அதாலதான் சம்மதப் பத்திரத்தைப் புக்கிங்கோடயே வாங்கச் சொல்லுறன். ஆரோட ஆர் போனவை எண்டு எங்கட ஸ்கிரீன்ல தெரியிறது மெசேஜுக்குள்ள ஒருக்காலும் வரக்கூடாது.

ஒருக்கா ஒரு அம்மாவுக்கு, போன முறை மாதிரி ரெண்டு பேருமா வாங்கோ எண்டு மெசேஜ் போட்டுது. அவவின்ர மனுசன் செத்து மூண்டு மாசம். அவ கோவிக்கேல்ல, அவர் இல்லத் தம்பி எண்டு மட்டும் பதில் போட்டா. அண்டையில இருந்து ஆள் நோட்டில ‘காலமானவர்’ எண்டு ஒரு ப்ரொப்பர்ட்டி வச்சிருக்கிறம், கவுண்டர்ல ஆராவது கேள்விப்பட்டா உடன அடிக்கவேணும், அந்த ஆளோட ஒரே புக்கிங்கில இருந்தவைக்கு ஒரு வருசத்துக்கு விளம்பரம் ஒண்டும் போகாது. குவெரியில ஒரு வரிதான் கூட.