விளிம்புச் சட்டமில்லாத மீன்தொட்டிக்கு வேவ்மேக்கரா, கேனிஸ்டரா?

கேனிஸ்டரே (தொட்டிக்கு வெளியே வைக்கும் ஃபில்டர்) போதும். 60 லிட்டர் தொட்டியில் மணிக்கு 3,000 லிட்டர் தள்ளும் வேவ்மேக்கர் (தண்ணீரில் அலை எழுப்பும் சிறு பம்பு) என்றால் தண்ணீர் மணிக்கு 50 முறை சுற்றுகிறது. செடியும் இறாலும் இருக்கும் நன்னீர்த் தொட்டிக்கு 5 முதல் 10 மடங்கு, அதாவது மணிக்கு 300 முதல் 600 லிட்டர், தாராளம். கேனிஸ்டரின் உள்ளிழுக்கும் குழாயில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். இல்லாவிட்டால் இறால் குஞ்சுகள் நேராக ஃபில்டருக்குள் போய்விடும்.

காலையில் மேசை ஈரமாக இருப்பதாகச் சொன்னீர்களே, அலை மேல்விளிம்பைத் தாண்டுகிறது என்று நினைக்கிறேன். அதைத் தடுக்க மேலே விளிம்புச் சட்டம் இல்லையே!

இதைச் செய்து பாருங்கள்:

1. நீர்மட்டத்தை 4 செ.மீ. இறக்குங்கள்.
2. வேவ்மேக்கரை நிறுத்தி, தொட்டியைச் சுற்றிக் காய்ந்த டிஷ்யூ தாள் விரித்து ஒரு ராத்திரி விடுங்கள்.

அப்போதும் தாள் நனைந்தால் அலை காரணமில்லை. குழாய் இணைப்பையும், கண்ணாடிகளை இணைக்கும் சிலிகோன் ஒட்டையும் பாருங்கள். ஒட்டிலிருந்து கசிந்தால் தள்ளிப்போடாமல் தொட்டியைக் காலி செய்யுங்கள்.

வேவ்மேக்கர் வேண்டியே தீரும் என்றால் சின்னதாக வாங்குங்கள். கண்ணாடியின் உள்ளும் வெளியுமாக இருந்து அதைப் பிடித்து நிறுத்தும் காந்தம் உங்கள் கண்ணாடித் தடிமனுக்கு ஏற்றதா என்று பெட்டியில் பாருங்கள். மாட்டும்போது இரண்டு காந்தமும் படாரென்று ஒட்டினால் கண்ணாடி விரிசல் விடலாம். ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்தி ஒட்ட வையுங்கள்.

அப்புறம், மின்கம்பி பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறட்டும், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். தண்ணீரில் கைவிடும் முன் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.