தாலி கட்டும் நேரத்தில் எரர் 01
வாசகர் கேள்வி - பதில்: கேமரா

கேள்வி: கோயில் கல்யாணம். கெட்டிமேளம் கேட்கும் நேரம் பார்த்து என் கேனான் டிஎஸ்எல்ஆர் ‘எரர் 01’ காட்டி நின்றது. அணைத்துப் போட்டால் ஒரு படம் எடுக்கும், மறுபடி நின்றுவிடும். லென்ஸ் 24-70, எஃப் 2.8. பாடி போய்விட்டதா? (ஈசூன் வாசகர்)

பதில்: பாடியை, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவை, இப்போதே குறை சொல்ல வேண்டாம். கேனானில் எரர் 01 என்றால் லென்ஸுக்கும் பாடிக்கும் இடையே தகவல் சரியாகப் போய்வரவில்லை என்று பொருள். ஓமப்புகை, வியர்த்த கை, அவசரமாக லென்ஸ் மாற்றுவது எல்லாம் சேர்ந்து, லென்ஸின் பின்பக்கம் வரிசையாக உள்ள தங்கநிற முனைகளில் பிசுக்கு ஏறிவிடும்.

ஸ்விட்சை அணைப்பதோடு நிறுத்தாமல் பேட்டரியையும் வெளியே எடுத்து 10 விநாடி விடுங்கள். லென்ஸைக் கழற்றி, இருபக்க முனைகளையும் கண்ணாடி துடைக்கும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, ‘க்ளிக்’ சத்தம் கேட்கும்வரை திருப்பிப் பூட்டுங்கள். பென்சில் ரப்பரால் தேய்க்கச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள், துகள் படம் பதியும் சென்சார் பக்கம் விழும்.

அதற்கும் சரியாகவில்லையா? ஒரு படம் எடுத்ததும் நிற்பது, லென்ஸுக்குள் வெளிச்சம் புகும் துளையைச் சுருக்கும் அப்பெர்ச்சர் இதழ்கள் சிக்குவதன் அடையாளமாக இருக்கலாம். துளை அளவை நாமே தேர்ந்தெடுக்கும் ஏவி மோடில், இந்த லென்ஸின் மிகப் பெரிய துளையான எஃப் 2.8 வைத்து எடுத்துப் பாருங்கள். டிஎஸ்எல்ஆரில் ஷட்டர் அழுத்தும் கணம்வரை லென்ஸ் முழுக்கத் திறந்தே இருக்கும். 2.8-இல் எடுக்கும்போது இதழ்கள் அசைய வேண்டியதே இல்லை, அதனால் படம் விழும். சிறிய துளையான எஃப் 8-க்கு மாற்றி, லென்ஸ் மவுண்டை ஒட்டியுள்ள டெப்த் ஆஃப் ஃபீல்டு பிரிவியூ பொத்தானை அழுத்துங்கள். அது படமெடுக்காமலே இதழ்களைச் சுருக்கும். அப்போதே எரர் வந்தால் கோளாறு அப்பெர்ச்சர் மோட்டாரிலோ அதன் நாடாக் கேபிளிலோதான். ஜூமின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் நின்றால், திரும்பத் திரும்ப வளைந்து அந்தக் கேபிள் நைந்திருக்கும்.

இதை மண்டபத்தில் பழுது பார்க்க முடியாது, சமாளிக்க முடியும். எஃப் 2.8-ஐத் தொடாமல் மிச்சக் கல்யாணத்தை முடியுங்கள். குடும்பப் படத்தில் பின்வரிசை மங்கும் என்பதால் 28 மிமீ அளவுக்கு விரித்து, தள்ளி நின்று, எல்லாரையும் முடிந்தவரை ஒரே வரிசையில் நிறுத்துங்கள். பையில் 50 மிமீ லென்ஸ் இருந்தால் அதை மாட்டுங்கள். அது ஓடினால் பாடிமேல் பழியில்லை. பழுதுகடையில் “எரர் வருது” என்று மட்டும் சொல்லாமல் “2.8-ல ஓடுது, 8-ல நிக்குது” என்று சொன்னால், கோளாறு தேடும் வேலை பாதி குறையும்.

எரர் 30 வந்தால் கதை வேறு. அது ஷட்டர் கோளாறு. பேட்டரியை ஒரு முறை எடுத்துப் போட்டும் போகவில்லையென்றால் இரண்டாவது பாடியை எடுங்கள்.

கேள்வி: தீமிதி அன்று சவுத் பிரிட்ஜ் ரோட்டில் டாக்சியை விட்டு இறங்கியதும் லென்ஸ் முழுக்கப் பனி. துடைக்கத் துடைக்க வந்தது. கொஞ்ச நேரத்தில் பொத்தான்களும் வேலை செய்யவில்லை. (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: இது கேமராக் கோளாறு இல்லை, நம் சிங்கப்பூர்க் காற்று. இரவில் 28 டிகிரி, ஈரப்பதம் 85 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று ஏறத்தாழ 25 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் நீராகும். உங்கள் கேமரா ஏசி அறையிலும் டாக்சியிலும் இருந்து 22 டிகிரியோடு இறங்கியிருக்கும். துடைத்தால் நீர்தான் போகும், கண்ணாடியின் குளிர்ச்சி போகாது.

ஏசி அறையில் இருக்கும்போதே கேமராவை ஸிப் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடுங்கள். வெளியே வந்ததும் உடனே திறக்காதீர்கள். பனி பையின் வெளிப்புறத்தில் படியட்டும். அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் போதும். 70-200 போன்ற கனமான லென்ஸ் இன்னும் கொஞ்சம் கேட்கும். அதுவரை கைத்தொலைபேசியில் எடுங்கள். குளிர்ந்த கேமராவில் லென்ஸ் மாற்றவே கூடாது, பனி சென்சாரில் படியும். முந்தைய இரவே ஏசி இல்லாத ஹாலில் பையை வைத்துவிட்டால் இவ்வளவு பாடும் வேண்டாம். வெயிலிலிருந்து ஏசி மண்டபத்துக்குள் நுழையும்போதும் சிலர் பை போட்டு மூடுகிறார்கள். அது வீண்வேலை, சூடான கேமராவில் பனி பிடிக்காது.

பொத்தான்கள் நின்றிருந்தால் ஈரம் உள்ளே போயிருக்கக்கூடும். “இப்ப வேலை செய்யுதா” என்று போட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள், மின்சாரம் ஓடினால் ஈரமான பலகை அரிக்கும். பேட்டரியையும் கார்டையும் எடுத்துவிட்டு, மூடிகளைத் திறந்தபடி, ஈரத்தைக் குறைத்து வைக்கும் டிரை கேபினெட் அலமாரியில் ஒரு முழு நாளாவது வையுங்கள். அரிசியில் புதைக்க வேண்டாம், மாவுத்தூசி புகும். ஹேர் டிரையரும் வேண்டாம். வழக்கமாக வைக்க 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் சரி. அதற்கு மேலே போகப் போக லென்ஸில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

கேள்வி: நிகழ்ச்சி நடுவே “கார்டை ஃபார்மட் செய்யவும்” என்று வந்தது. உள்ளே 600 படங்கள், ஒரு நீண்ட வீடியோ. (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: ‘வேண்டாம்’ என்று அழுத்தி, கார்டை எடுத்துத் தனியே வைத்து, புதுக் கார்டில் தொடருங்கள். அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. பெரும்பாலும் படங்கள் அழிந்திருக்காது, அவை எங்கே இருக்கின்றன என்ற அட்டவணைதான் கெட்டிருக்கும். மேலே புதிதாக எழுதினால்தான் உண்மையான இழப்பு. வீட்டில் கார்டு ரீடரில் போட்டு, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் மீட்டு, வேறு டிஸ்க்கில் சேமியுங்கள், அதே கார்டில் அல்ல.

வீடியோ சற்றுச் சிரமம். எம்பி4 கோப்பின் உள்ளடக்கப் பட்டியலைப் பல கேமராக்கள் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதும். நடுவில் பேட்டரி போயிருந்தால் பட்டியலே இருக்காது. அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் காட்டி, அன்டிரங்க் போன்ற மென்பொருளில் சரிசெய்து பார்க்கலாம். கார்டில் எழுதுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு மின்னும்போது கார்டு மூடியைத் திறப்பவர்களுக்குத்தான் இந்த வேலை அதிகம் வருகிறது.

கேள்வி: சமூக மன்ற மேடையில் எடுத்த படங்களில் குறுக்கே கருப்புப் பட்டைகள். சென்சார் போச்சா? (ஜூரோங் வாசகர்)

பதில்: சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்திருப்பீர்கள். மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள். சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சாதாரண விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும். 1/50 அல்லது 1/100 வைத்தால் பட்டை போகும். மேடை எல்இடி திரைகள் இந்தக் கணக்குக்கு அடங்காது, அவற்றின் துடிப்பு வேறு. கேமராவில் உயர் அதிர்வெண் ஃபிளிக்கர் அமைப்பு இருந்தால், பட்டை மறையும்வரை ஷட்டர் வேகத்தைச் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

கேள்வி: வரவேற்பில் வரிசையாக எடுக்கும்போது ஃபிளாஷ் பாதியில் அடிக்க மறுக்கிறது. (பொங்கோல் வாசகர்)

பதில்: சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள நிற்கிறது. முழு வலுவில் அடிக்காதீர்கள். ஐஎஸ்ஓ என்னும் ஒளி உணர்திறனை 400-இலிருந்து 1600 ஆக்கினால் கால் பங்கு வலுவே அதே வெளிச்சம் தரும். சாதாரண அல்கலைன் பேட்டரிக்குப் பதில் ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி 4 போடுங்கள். பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள்.