பனை உணவு அட்டவணையில் 312 கருத்துருக்கள்: இனி என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் ஐயா. இறுதியாண்டு ஆய்வுக்காக யாழ்ப்பாணத்தின் வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் வீடு வீடாகப் போய்ப் பனை உணவுகள் பற்றிய விவரம் சேர்த்தேன். எக்செல்லில் 43 உணவுகள், 20 பண்புகள். பண்பு இருந்தால் 1, இல்லாவிட்டால் வெற்றுக் கட்டம். மேற்பார்வையாளர் ‘முறைசார் கருத்துருப் பகுப்பாய்வு’ செய்து பார்க்கச் சொன்னார். மென்பொருளில் போட்டேன். 312 கருத்துருக்கள் என்று வந்தது. படமோ சிக்குப்பட்ட வலை மாதிரி இருக்கிறது. நான் எங்கேயாவது பிழை விட்டேனா? இதை வைத்து ஆய்வேட்டில் என்ன எழுதுவது?
– வடமராட்சி வாசகி

பதில்: எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கருத்துரு என்றால், பொதுவான பண்புகளால் ஒன்றுசேரும் உணவுகளின் தொகுதி என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 20 பண்புகள் உள்ள அட்டவணையில் ஆகக் கூடினால் எத்தனை கருத்துருக்கள் வரலாம் தெரியுமா? இரண்டை இருபது தடவை பெருக்குங்கள்: 1,048,576. உங்களுக்கு வந்தது 312 தான். அந்த உச்சத்தோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆனால் 312 வட்டங்களை ஒரே படத்தில் யாராலும் வாசிக்க முடியாது. வாசிக்கத் தேவையும் இல்லை. இந்த முறை தரும் பெரிய பலன் படத்தில் இல்லை. உங்கள் அட்டவணை உங்களிடமே திருப்பிக் கேட்கும் கேள்விகளில் இருக்கிறது. அதைக் காட்ட, உங்கள் தரவு போலவே ஒரு சின்ன அட்டவணையைக் கையால் போட்டுப் பார்ப்போம். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து உணவுகள், நான்கு பண்புகள். பண்புகள்: இனிப்பு, அடுப்பில் ஏறியது, வெயிலில் காய்ந்தது, மாதக்கணக்கில் கெடாதது.

கருப்பநீர் (பதநீர்): இனிப்பு மட்டும்.
பனங்கட்டி (பனைவெல்லம்): இனிப்பு, அடுப்பு, கெடாது.
பனாட்டு (காயவைத்த பனம்பழக் களி): இனிப்பு, வெயில், கெடாது.
ஒடியல் (அவிக்காமல் காயவைத்த பனங்கிழங்கு): வெயில், கெடாது.
புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு): அடுப்பு, வெயில், கெடாது.

இப்போது பனங்கட்டியையும் பனாட்டையும் சேர்த்துப் பிடியுங்கள். இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? இனிப்பு, கெடாது. சரி, இந்த இரண்டு பண்பும் உள்ள உணவுகள் எவை என்று திருப்பிக் கேளுங்கள். அதே பனங்கட்டியும் பனாட்டும்தான் வரும், வேறொன்றும் வராது. இப்படிப் போய்த் திரும்பி வந்தாலும் மாறாமல் நிற்கும் சோடிதான் ஒரு கருத்துரு. ஒரு பக்கம் உணவுகளின் தொகுதி, மறுபக்கம் பண்புகளின் தொகுதி. ஒன்று மற்றொன்றை முழுமையாகத் தீர்மானிக்கிறது.

எல்லாச் சோடிகளும் அப்படி நிற்பதில்லை. ‘அடுப்பு’ என்ற பண்பை மட்டும் தனியே எடுங்கள். அது உள்ளவை பனங்கட்டியும் புழுக்கொடியலும். அவை இரண்டுக்கும் ‘கெடாது’ என்பதும் பொதுவாக இருப்பதால் அடுப்பு அதையும் இழுத்துக்கொண்டு வரும். தனியே ‘அடுப்பு’ என்று ஒரு கருத்துரு இந்த அட்டவணையில் கிடையாது. இப்படித் தேடிப் பார்த்தால் மொத்தம் 10 கருத்துருக்கள் வரும். ஆகக் கூடினால் 16 வந்திருக்கலாம். கொப்பியில் நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அந்த அரைமணி நேரம் வீண் போகாது, மென்பொருள் உள்ளே செய்வது முழுவதும் அதோடு விளங்கிவிடும்.

இந்தப் பத்தையும் பொதுவானது மேலே, குறிப்பானது கீழே என்று அடுக்கிக் கோடு போட்டு இணைத்தால் கிடைப்பதுதான் லாட்டிஸ், தமிழில் பின்னல் என்று சொல்லலாம். வாசிக்கிற விதம் இதுதான்: ஓர் உணவின் பெயர் எழுதியிருக்கும் வட்டத்தில் இருந்து கோடுகள் வழியே மேலே மட்டும் போங்கள். வழியில் காணும் பண்புகள் எல்லாம் அந்த உணவுக்கு உண்டு. ஒடியல் ‘வெயில்’ என்ற வட்டத்திலேயே இருக்கும். புழுக்கொடியல் அதற்குக் கீழே, ‘அடுப்பு’ வழியும் ‘வெயில்’ வழியும் சந்திக்கும் இடத்தில் நிற்கும். அவித்துக் காயவைத்த கிழங்கு வேறெங்கே நிற்கும்! ஒத்தவற்றைக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கும் வழக்கமான கொத்தாக்க முறைகளில் ஓர் உணவை ஒரு கூட்டத்தில்தான் போடுவார்கள். இங்கே பனாட்டு ஒரே நேரத்தில் பனங்கட்டியோடும் உறவு, ஒடியலோடும் உறவு. இடையில் ‘தூரம்’ என்று எந்த எண்ணையும் நாம் திணிக்கவில்லை. பின்னலில் இருந்து மூல அட்டவணையை ஒரு கட்டம் பிசகாமல் திருப்பி எழுதலாம். சமையல் அறிவு போன்ற ஒன்றுக்கு இந்த முறை பொருந்துகிறது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்ததுதான் நான் நின்று சொல்ல விரும்பும் விடயம். பின்னலோடு மென்பொருள் விதிகளையும் தரும். நமது சின்ன அட்டவணையில் இரண்டே இரண்டு விதிகள் போதும், மற்றதெல்லாம் அவற்றில் இருந்து வரும். ஒன்று: அடுப்பில் ஏறினால் கெடாது. மற்றது: வெயிலில் காய்ந்தால் கெடாது. படிக்க நன்றாக இருக்கிறது, ஆய்வேட்டில் எழுதிவிடலாம் போலவும் இருக்கிறது. எழுத முதல் இந்த விதியை ஓர் ஆச்சியிடம் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். “அவிச்ச பனங்கிழங்கு மாதக்கணக்கில இருக்குமோ பிள்ளை?” என்று உடனே கேட்பார். இருக்காதுதான். அவித்த கிழங்கு அடுப்பில் ஏறியது, ஆனால் கெடும். முதல் விதி விழுந்துவிட்டது. அவித்த பனங்கிழங்கை ஆறாவது வரிசையாகச் சேர்த்தால் கருத்துருக்கள் 11 ஆகும். ‘அடுப்பு’ இப்போது தனிக் கருத்துருவாக நிற்கும்.

பழைய விதி போனதும் மென்பொருள் கொஞ்சம் பின்வாங்கி இன்னொன்றைக் கேட்கும்: சரி, இனிப்பாகவும் இருந்து அடுப்பிலும் ஏறினால் கெடாதா? அட்டவணையில் அப்படி இருப்பது பனங்கட்டி மட்டும் என்பதால் ஆம் என்றுதான் தோன்றும். ஆனால் பனங்காய்ப் பணியாரம்? இனிப்பு, அடுப்பில் பொரித்தது, சில நாளில் கெடுவது. அதையும் சேர்த்தால் கருத்துருக்கள் 12. இப்போது மிஞ்சுவது ஒரே விதி: வெயிலில் காய்ந்தால் கெடாது. இரண்டு எதிர் உதாரணங்களுக்குப் பிறகும் நிற்கும் இந்த விதிக்கு உங்கள் ஆய்வேட்டில் இடம் கொடுக்கலாம்.

இப்படி விதியைச் சொல்லி, தெரிந்தவரிடம் கேட்டு, எதிர் உதாரணம் வந்தால் சேர்த்து, வராவிட்டால் ஏற்றுக்கொண்டு போவதைப் பண்பு ஆராய்வு என்பார்கள். கான்செப்ட் எக்ஸ்ப்ளோரர் என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. அது ஒவ்வொரு விதியாகக் கேட்கும், நீங்கள் ஆம் என்பீர்கள் அல்லது எதிர் உதாரணம் கொடுப்பீர்கள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் அந்த வீடுகளுக்குப் போங்கள் என்றே சொல்வேன். முதல் தடவை நீங்கள் பட்டியல் கேட்டீர்கள். இரண்டாவது தடவை அந்த அம்மாமார் உங்கள் பட்டியலைத் திருத்துவார்கள்.

இந்த முறை பிறந்த கதையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பின்னல் கோட்பாடு கணிதத்தில் பழையது. கேரட் பேர்க்கோஃப் 1940இலேயே அதற்கென்று ஒரு நூல் எழுதிவிட்டார். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரக் கணிதப் பேராசிரியர் ருடொல்ஃப் வில்லே 1982இல் வெளியிட்ட கட்டுரையில், அந்தக் கோட்பாட்டைக் கணிதக்காரர்களுக்கு வெளியே உள்ளவர்களும் கையாளும்படி திருப்பி அமைக்க வேண்டும் என்று வாதிட்டார். கருத்துருக்களை ஒன்றும் விடாமல் வரிசையாகக் கண்டுபிடிக்கும் வழியை பேர்ன்ஹார்ட் கான்டர் கொடுத்தார். தரவு ஆய்வில் இந்த முறை பிறகு பல இடங்களுக்குப் போனது. கடையில் எந்தப் பொருளோடு எந்தப் பொருள் சேர்ந்து விற்கிறது என்று தேடும் வேலையில் தேவையில்லாத விதிகளைக் கழிக்க, போய்த் திரும்பி வந்தாலும் மாறாமல் நிற்கும் இதே தொகுதிகள்தான் (மூடிய தொகுதிகள் என்பார்கள்) உதவுகின்றன. ஆம்ஸ்டர்டாம் பொலிஸ் அறிக்கைகளில் வீட்டு வன்முறைச் சம்பவங்களை இனங்காணவும் ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அங்கேயும் கருத்துருக்களை வைத்துக்கொண்டு அந்த வேலை தெரிந்தவர்களோடு பேசிப் பேசித்தான் வரையறையைச் சீராக்கினார்கள்.

இனி உங்கள் 312க்கு வருவோம்.

முதலில் வெற்றுக் கட்டங்களைப் பாருங்கள். உங்கள் அட்டவணையில் வெற்று என்றால் ‘இல்லை’ என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். ‘கேட்கவில்லை’, ‘அந்த வீட்டில் தெரியாது என்றார்கள்’ என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பல வருடங்களுக்கு முன் நான் கிணறுகள் பற்றிய ஒரு சின்னத் தரவை இப்படிச் செய்தேன். ‘மாரியில் தண்ணீர் மாறுமா’ என்ற கேள்வியைக் கடைசி நாள் போன வீடுகளில் கேட்க மறந்துபோனேன். அந்த வெற்றுக் கட்டங்களில் இருந்து ‘உவர்க் கிணறுகள் எதுவும் மாரியில் மாறுவதில்லை’ என்று ஒரு விதி அழகாக வந்து நின்றது. இரண்டு நாள் அதை நம்பிக்கொண்டு இருந்தேன். ஆகவே தெரியாத கட்டங்களுக்கு வேறு நிறம் போடுங்கள், திரும்பப் போகும்போது கேட்டு நிரப்புங்கள். நிரப்ப முடியாத வரிசையை இந்தப் பகுப்பாய்வில் சேர்க்காமல் விடுவது நல்லது. ஒரேயொரு பிழையான கட்டம்கூடப் பல போலிக் கருத்துருக்களைப் பெருக்கிவிடும்.

அப்புறம், ‘எத்தனை நாள் இருக்கும்’ போன்ற அளவுகள். ஒரு நாள், ஒரு மாதம், ஒரு வருடம் என்று மூன்று தனித்தனிப் பண்புகளாகப் போட்டிருந்தால், வருடம் இருப்பதற்கும் மாதம் இருப்பதற்கும் தொடர்பே இல்லாதது போல் ஆகிவிடும். ‘ஒரு நாளாவது இருக்கும்’, ‘ஒரு மாதமாவது இருக்கும்’, ‘ஒரு வருடமாவது இருக்கும்’ என்று எழுதுங்கள். வருடம் இருக்கும் பனாட்டுக்கு மூன்றிலும் 1 விழும். தொல்காப்பிய மரபியலில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை அடுக்கியிருப்பதை நினைத்துப் பாருங்கள். மூவறிவு உயிருக்கு உற்றறிவும் நாவறிவும் உண்டு, மேலதிகமாக மூக்கறிவு. ஒவ்வொரு படியும் முந்தியதை உள்ளே வைத்திருக்கிறது. அந்த அடுக்கைத்தான் அட்டவணைக்குள் கொண்டுவருகிறோம். இனிப்பும் அப்படித்தான். புழுக்கொடியலில் மெல்லிய இனிப்பு உண்டு, நான் மேலே அதைக் கணக்கில் எடுக்கவில்லை. நீங்கள் எடுப்பதானால் எல்லைக்கோடு எங்கே என்று ஆய்வேட்டில் சொல்லிவிடுங்கள்.

பண்புகளை ஒரேயடியாக 20 போடாதீர்கள். செய்முறை பற்றியவை ஒரு பின்னல், யார் எப்போது உண்பது என்பவை இன்னொரு பின்னல் என்று ஆறு, ஏழாகப் பிரித்தால் படம் தானாகவே வாசிக்கக்கூடியதாகும். பனங்கட்டியும் பனங்கற்கண்டும் எல்லாப் பண்பிலும் ஒத்துப்போனால் ஒரே வரிசையாக்குங்கள், அதனால் பின்னலின் வடிவம் மாறாது. குறைந்தது இத்தனை உணவுகளாவது உள்ள கருத்துருக்களை மட்டும் வைத்துக் கீழ்ப்பகுதியை வெட்டும் பனிப்பாறை முறையும் உண்டு. பெரிய கடைத் தரவுக்கு அது நல்லது. உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு வீட்டில் மட்டும் செய்யும் அரிய உணவுதான் முதலில் வெட்டுப்படும். அதைத் தேடித்தானே ஊர் ஊராகப் போனீர்கள்?

அதற்குப் பதிலாக உறுதித்தன்மையைப் பாருங்கள். ஒரு கருத்துருவில் உள்ள உணவுகளில் சிலவற்றை விட்டுவிட்டாலும் அதே பண்புத் தொகுதி கிடைக்கிறதா என்பதுதான் அந்த அளவு. முதல் ஐந்து உணவு அட்டவணையில் ‘வெயில், கெடாது’ என்ற கருத்துருவில் பனாட்டு, ஒடியல், புழுக்கொடியல் என்று மூன்று உண்டு. மூன்றில் இருந்து எட்டு விதமாகத் தெரிவு செய்யலாம், ஒன்றும் எடுக்காததையும் சேர்த்து. அதில் ஐந்து தெரிவுகள் அதே பண்புகளைத் தரும்: 0.625. ‘இனிப்பு, கெடாது’ என்பதோ நான்கில் ஒன்று, 0.25 தான். பனங்கட்டியோ பனாட்டோ ஒன்று போனாலும் அது கலைந்துவிடும். முதலாவதைத் தைரியமாகப் பேசலாம், இரண்டாவதைப் பற்றி அடக்கமாகப் பேச வேண்டும்.

ஆய்வேட்டில் ஒவ்வொரு விதியோடும் அதைத் தாங்கும் உணவுகள் எத்தனை என்று எழுதுங்கள். மென்பொருள் தரும் விதிகளில் சிலவற்றுக்குப் பக்கத்தில் 0 என்று இருப்பதைக் கண்டிருப்பீர்கள். ‘பாளையில் இருந்து வந்தது’, ‘கிழங்கில் இருந்து வந்தது’ என்று இரண்டு பண்புகளை வைத்திருந்தால், இரண்டும் சேர்ந்த உணவே இல்லாததால் ‘அப்படி ஒன்று இருந்தால் அதற்கு எல்லாப் பண்பும் உண்டு’ என்று ஒரு விதி வரும். தர்க்கப்படி சரி, சொல்வதற்கு ஒன்றுமில்லை. அவற்றை நீக்கிவிடுங்கள். ‘பனை உணவுகள் அனைத்திலும்’ என்று எழுதாமல் ‘நாம் பதிவு செய்த 43 உணவுகளில்’ என்று எழுதுங்கள். எந்த விதியை எத்தனை பேரிடம் சொல்லிக் கேட்டீர்கள், எது எந்த எதிர் உதாரணத்தால் விழுந்தது என்பதற்குத் தனியாக ஓர் அத்தியாயமே ஒதுக்கலாம். பரிசோதிப்பவர் ஆர்வத்தோடு வாசிக்கும் அத்தியாயம் அதுவாகத்தான் இருக்கும்.

பண்புகளைப் பிரித்து மறுபடி ஓட்டியபின் படம் இன்னும் சிக்கலாக இருந்தால் அட்டவணையின் ஒரு துண்டை அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம். அதற்கு முன் ஒன்று: அந்த 43 வரிசைகளில் பனங்காய்ப் பணியாரமும் அவித்த கிழங்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மிக வழக்கமானவை என்பதாலேயே அவற்றை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.