காசு வந்தாலும் கழிவு கழிவுதான்: வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதம் கேள்விப் பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் கழிவு. "அபாயகரமான கழிவு என்பது சட்டத்தில் ஒரு பெயர், திட்டுகிற சொல் இல்லை" என்று போன இதழில் போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதன் வினை இது. நான் வக்கீல் இல்லை. கோவையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடம் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். பாட்டிலில் வந்த சேற்றையெல்லாம் கலக்கிப் பார்த்த கை. அந்த அளவுக்குத்தான் பதில்.

மேடம், என் ஒர்க்‌ஷாப்பில் மாதம் ஒரு பேரல் வேஸ்ட் ஆயில் சேரும். வாசலுக்கே வந்து காசு கொடுத்து எடுத்துப் போகிறார்கள். காசு கொடுத்து வாங்குகிற பொருளை எப்படிக் கழிவு என்கிறீர்கள்?
*டூவீலர் மெக்கானிக், பல்லடம்*

சட்டம் விலையைக் கேட்பதே இல்லை. 'அபாயகரமான மற்றும் பிற கழிவுகள் விதிகள்' என்று 2016-ல் வந்தவைதான் இப்போது நடப்பில் இருப்பவை. அதற்கு முன் 1989, 2008 என்று இரண்டு தலைமுறை. அதில் கழிவு என்றால் இவ்வளவுதான்: நீங்கள் செய்த பொருளும் இல்லை, துணைப்பொருளும் இல்லை, உங்களுக்கு இனி அதை வைத்து வேலையும் இல்லை. துணைப்பொருள் என்பது நாம் நினைக்காமலே கூட வந்து, வந்தபடியே பயன்படுவது. செக்கில் கடலையை ஆட்டினால் எண்ணெயோடு புண்ணாக்கும் வருகிறது. அதை அப்படியே மாட்டுக்கு வைக்கலாம். உங்கள் பேரலில் இருப்பது புண்ணாக்கு இல்லை. இன்ஜின் தேய்ந்த உலோகத் தூளும் எரிந்த கரியும் ஏறிய எண்ணெய். விதிகளோடு வரும் கழிவுப் பட்டியலான முதல் அட்டவணையில் 5.1 என்ற எண்ணில் உட்கார்ந்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. நீங்களும் நானும் 'வேஸ்ட் ஆயில்' என்பதைச் சட்டம் 'பயன்படுத்திய எண்ணெய்' என்கிறது. சட்டத்தில் 'வேஸ்ட் ஆயில்' வேறு: சிந்திய கச்சா எண்ணெய், டேங்க் அடியில் படிந்த கசடு மாதிரியானவை. வெறும் பெயர்ச் சண்டை என்று விட்டுவிடாதீர்கள். பயன்படுத்திய எண்ணெயைச் சுத்திகரித்து மறுபடி எண்ணெயாக்கலாம். அதற்கு ஐந்தாம் அட்டவணையில் வரம்பு இருக்கிறது: ஈயம் 100 பி.பி.எம்., ஆர்செனிக் 5, காட்மியம்–குரோமியம்–நிக்கல் மூன்றும் சேர்ந்து 500. அதனால் கார்புரேட்டர் கழுவிய தின்னரையும், பழைய பிரேக் ஆயிலையும் அதே பேரலில் ஊற்றாதீர்கள். எண்ணெயாகத் திரும்ப வேண்டியது எதற்கும் ஆகாமல் போகும்.

வாங்குகிறவரிடம் போர்டு, அதாவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கொடுத்த ஆத்தரைசேஷன் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதும் ஆள் மறுமாதம் வரவில்லை என்றால், உங்கள் எண்ணெய் இதுவரை ஏதோ ஒரு அடுப்பிலோ சென்ட்ரிங் பலகையிலோதான் போயிருக்கிறது.

அப்புறம் கை துடைக்கிற பனியன் வேஸ்ட். எண்ணெய் ஊறியபின் அதையும் குப்பைத் தொட்டியில் போட முடியாது. அதற்கும் தனி எண் உண்டு: 33.2.

எங்கள் பிளேட்டிங் பட்டறைக் கசடை லேபில் டெஸ்ட் செய்தோம். எல்லாம் லிமிட்டுக்குள். ரிப்போர்ட்டைக் காட்டினாலும் "அபாயகரமான கழிவுதான்" என்கிறார் அதிகாரி. டெஸ்டில் பாஸ் ஆனது எப்படி ஃபெயில்?
*பெயர் வேண்டாம் என்கிறவர், கோவை*

இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் விதிகளில் பாதி தெரிந்த மாதிரி. ஒரு கழிவு 'அபாயகரம்' ஆக இரண்டு வாசல் உண்டு. ஒன்று பிறப்பு, இன்னொன்று குணம்.

முதல் அட்டவணை பிறப்பைப் பார்க்கிறது. 38 தொழில் செயல்முறைகளை வரிசையாக எழுதி, எதிலிருந்து எந்தக் கழிவு வரும் என்று சொல்லிவிடுகிறது. உலோகத்துக்கு முலாம் பூசுவது, ஆசிடில் கழுவுவது, கால்வனைஸ் செய்வது எல்லாம் 12-வது. அந்தத் தொட்டியிலிருந்து வந்தால் போதும், கையில் எடுத்துப் பார்க்காமலே அபாயகரம்தான். இரண்டாம் அட்டவணை குணத்தைப் பார்க்கிறது: தீப்பிடிக்குமா, அரிக்குமா, வெடிக்குமா, விஷமா. பி.ஹெச். 2 அல்லது அதற்குக் கீழே, அல்லது 12.5-ம் அதற்கு மேலும் என்றால் அரிக்கும் கழிவு. அது எங்கே பிறந்தது என்ற பேச்சே இல்லை. உங்கள் அதிகாரி முதல் வாசலில் நிற்கிறார், நீங்கள் இரண்டாம் வாசலில் ரிப்போர்ட்டை நீட்டுகிறீர்கள்.

அதற்காக வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. முதல் அட்டவணையின் அடிக்குறிப்பிலேயே ஒரு சலுகை இருக்கிறது. பட்டியலில் இருந்தாலும், இரண்டாம் அட்டவணையை வைத்து 'இது அபாயகரம் இல்லை' என்று நிரூபிக்கத் தடையில்லை. தகராறு வந்தால் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் தொழில்நுட்பக் குழுவுக்குப் போகும். ஆனால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். ஒரு பாட்டில் சாம்பிளும் ஒரு பக்க ரிப்போர்ட்டும் அதற்குக் காணாது.

ஏன் என்று அந்த டெஸ்ட்டைப் பார்த்தால் தெரியும். டி.சி.எல்.பி. என்போம். நூறு கிராம் கசடை எடுத்து ஒரு பெரிய பாட்டிலில் போட்டு, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கசடின் எடையைப் போல இருபது மடங்கு ஊற்றுவோம். ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகரின் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கசடுக்கு பி.ஹெச். 4.93, உங்களுடையது மாதிரி சுண்ணாம்பு போட்டுப் படிய வைத்ததற்குப் பெரும்பாலும் 2.88. மூடி இறுக்கி, சுழலும் சட்டகத்தில் கட்டி, நிமிடத்துக்கு முப்பது தடவை தலைகீழாகப் புரளவிட்டு, பதினெட்டு மணி நேரம். சாயங்காலம் சுவிட்சைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், காலையில் கூடத்துக் கதவைத் திறக்கும்போதே லேசான புளிப்பு வாடையும் 'டொக் டொக்' சத்தமும் வரவேற்கும். அப்புறம் வடிகட்டி, அந்தத் தண்ணீரில் எவ்வளவு உலோகம் இறங்கியிருக்கிறது என்று பார்ப்போம். குப்பைமேட்டில் அழுகும் குப்பை புளிப்பு நீர் விடும், மழையும் சேரும், அதில் இந்தக் கசடு கிடந்தால் நிலத்தடிக்கு என்ன போகும் என்பதற்கான ஒத்திகை இது.

இப்போது ஒரு கதை. ஒரு பிளேட்டிங் பட்டறைக்காரர் ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாம்பிள் கொண்டுவந்தார். உலோகம் ஏறிய கசடின் பச்சை நிறமே இல்லை, வெளுத்த மண் மாதிரி. பாஸ். பிறகு வேறு வேலையாக அந்தப் பட்டறைக்குப் போனேன். உலர்த்தும் படுகையின் மேல் ஓரத்தில், மழை கழுவிக் கழுவி வெளுத்த இடத்திலிருந்து இரண்டு கரண்டி எடுத்திருக்கிறார்கள். ஒரு சாண் தோண்டினால் கரும்பச்சை. நாங்கள் கொடுத்த ரிப்போர்ட்டில் பொய் ஒன்றும் இல்லை. அது பாட்டிலைப் பற்றிய உண்மை. படுகையைப் பற்றியது இல்லை. அன்றிலிருந்து 'வாடிக்கையாளர் கொண்டுவந்த சாம்பிள்' என்ற வரியை ரிப்போர்ட்டின் தலையிலேயே அடிக்க ஆரம்பித்தோம். உங்கள் ரிப்போர்ட்டிலும் அப்படி ஒரு வரி இருக்கும், பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டி.சி.எல்.பி.யில் ஈயத்துக்கு வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம். எங்கிருந்து வந்த எண்? அமெரிக்கர்கள் அந்தக் காலத்தில் குடிநீரில் ஈயத்துக்கு வைத்திருந்த 0.05-ஐ நூறால் பெருக்கினார்கள். குப்பைமேட்டிலிருந்து கிணற்றுக்குப் போவதற்குள் நூறு மடங்கு நீர்த்துவிடும் என்பது கணக்கு. பாதரசம் 0.2, காட்மியம் 1, இவையும் அதே பெருக்கல். நம் அட்டவணையிலும் இதே எண்கள்தான். இதற்கிடையில் நம் குடிநீர்த் தரத்தில் ஈயத்தின் அளவு 0.01-க்கு இறங்கிவிட்டது. அதை நூறால் பெருக்கினால் 1தான் வரும். குடிநீர் எண் இறங்கியது, கழிவு எண் அங்கேயே நிற்கிறது. அதனால் 'லிமிட்டுக்குள்' என்று யாராவது சொன்னால் எனக்கு முழு நிம்மதி வருவதில்லை.

கசடை எம்-சாண்டோடு கலந்துவிட்டால் அளவு குறைந்து சாதாரணக் கழிவு ஆகிவிடாதா?
*அவரே, அதே கடிதத்தின் கடைசியில், சின்ன எழுத்தில்*

ஆகாது. விதியின் வரையறையிலேயே 'தனியாகவோ, பிற கழிவோடும் பொருளோடும் சேர்ந்தோ' என்று இருக்கிறது. ஒரு டன் கசடு பத்து டன் ஆகும், அவ்வளவுதான். கலக்காமல், 90 நாளுக்குள் அனுப்பிவிடுங்கள். வருடத்துக்குப் பத்து டன்னுக்கு உட்பட்ட சிறு பட்டறை என்றால் கூடுதல் நாள் கேட்டு போர்டுக்கு எழுதலாம். மூட்டையில் ஒட்டுகிற லேபிள் பளிச்சென்ற மஞ்சள், எழுத்து சிவப்பு. தமிழிலும் எழுத வேண்டும், அது விதி. மூட்டை தூக்குகிறவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லையே.

உடைந்த தெர்மாமீட்டர், டியூப்லைட், காலி பெயிண்ட் டப்பா, தேதி முடிந்த மாத்திரை. இதெல்லாம் வீட்டில் இருந்தால் நானும் போர்டில் அனுமதி வாங்க வேண்டுமா அம்மா?
*இல்லத்தரசி, ஈரோடு*

வேண்டாம் கண்ணு. வீட்டில் பிறந்தால் அதற்கு வேறு ஜாதகம். 2016 திடக்கழிவு விதிகள் இவற்றுக்கு 'வீட்டு அபாயகரக் கழிவு' என்று பெயர் வைத்து, தனியாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லின. நீங்கள் சொன்ன நாலுமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதே டியூப்லைட், அதே பாதரசம். தொழிற்சாலைக்காரர் மாற்றினால் ஒரு விதி, நீங்கள் மாற்றினால் இன்னொன்று. பாதரசத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

தெர்மாமீட்டர் உடைந்தால் துடைப்பத்தைத் தொடாதீர்கள்; ஒரு உருண்டை நூறாகும். ஜன்னலைத் திறந்து, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, கெட்டி அட்டையால் உருட்டி ஒன்றுசேர்த்து, மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள். சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டதற்குக் காரணமே பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி பழைய சாமான் கடைக்குப் போனதுதான். அந்த ஆலையின் கழிவு 2003-ல் கப்பலேறி அமெரிக்கா போனது.

அனல்மின் சாம்பல், சாக்கடைத் தண்ணீர், ஆஸ்பத்திரிக் கழிவு, அணுக் கழிவு. இவை எதுவும் இந்த விதிகளில் இல்லையாமே? அபாயம் இல்லையா?
*கல்லூரி மாணவர், திருச்சி*

ஒவ்வொன்றுக்கும் வேறு வீடு. கழிவுநீர் 1974 சட்டத்தில், புகை 1981 சட்டத்தில், அணுக் கழிவு 1962 அணுசக்திச் சட்டத்தில், ஆஸ்பத்திரிக் கழிவுக்குத் தனி விதி. அதெல்லாம் நியாயம். சாம்பல் விஷயம்தான் எனக்கு உறுத்தும். நிலக்கரிச் சாம்பல், அலுமினிய ஆலையின் செம்மண் கசடு, உர ஆலையின் ஜிப்சம் இவற்றை 'அளவு அதிகம், பாதிப்பு குறைவு' என்று அட்டவணைக் குறிப்பிலேயே வெளியே வைத்திருக்கிறார்கள். பாதிப்பு குறைவு என்பது பாதிக் காரணம். மலை மலையாகக் கிடப்பதை மஞ்சள் லேபிள் ஒட்டி எங்கே அனுப்புவது என்பது மீதிப் பாதி என்பது என் கணிப்பு. பரீட்சையில் இதை எழுதிவிடாதீர்கள்.

ஒரு சமாசாரம். கழிவுநீர் இந்த விதியில் வராது. அதைச் சுத்திகரித்த பிறகு அடியில் தங்குகிற ரசாயனக் கசடு வரும், எண் 35.3. தண்ணீராக இருந்தவரை ஒரு சட்டம், சேறானதும் இன்னொன்று.

கோடையில் தண்ணீர் பிடிக்க நீல பேரல் வாங்கலாம் என்றிருக்கிறோம். ரோட்டோரம் மலிவாகக் கிடைக்கிறது. கழுவிப் பயன்படுத்தலாமா?
*ஆசிரியை, திண்டுக்கல்*

கூடாது. அதில் என்ன இருந்தது என்று விற்கிறவருக்கே தெரியாது. ரசாயனம் இருந்த காலி பேரல் 33.1, அதுவே அபாயகரமான கழிவு. அதைக் கழுவிச் சுத்தம் செய்வதுகூட அட்டவணையில் ஒரு தனித் தொழில், 34-வது. அங்கே மிஞ்சும் கசடும் அபாயகரம்தான்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. நான் லேபில் இருக்கும்போது, அம்மா ஒரு நீல பேரலை வாங்கிக் கொல்லையில் வைத்துவிட்டார். லேபிளைக் கிழித்திருந்தார்கள். கோந்தோடு ஒட்டிய ஒரு துண்டு மட்டும் பாக்கி. அதில் சிவப்புச் சாய்சதுரத்தின் ஒரு மூலையும் தீச்சுடரின் நுனியும். "நாலு தரம் சோப்புப் போட்டுக் கழுவியாச்சு, வாசனையே இல்லை, இன்னும் என்ன?" என்றார். சித்திரை வெயிலில் அரை மணி நேரம் மூடி வைத்துத் திறந்தேன். பெயிண்ட் கடை வாசனை. அம்மா ஒன்றும் பேசவில்லை.

கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றினாய் என்று கேட்டேன்.

"தென்னைக்கு."