பாதியில் விட்ட வீடியோ கேம்கள் எவை? அவற்றைத் திரும்ப எடுத்து முடிக்க முடியுமா?

முடியும், எல்லாவற்றையும் முடித்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஒவ்வொரு கேமிலும் ஆட்கள் வழக்கமாகக் கைவிடும் ஒரு இடம் உண்டு. திறமை போதாமல் விடுவது குறைவுதான். பெரும்பாலும் அந்த இடத்தில் கேம் ஒரு விதியைச் சரியாகச் சொல்லாமல் விட்டிருக்கும். அந்த விதி தெரிந்துவிட்டால், தொடரலாமா அழிக்கலாமா என்பதை நிதானமாக முடிவு செய்யலாம்.

முதலில் ஜிடிஏ வைஸ் சிட்டி, ஒரு ஊரில் தாதாவாக வளரும் கதை. 2002-ல் வெளியானது. பிரவுசிங் சென்டர் காலத்தில் இதைத் தொடாத பையன்கள் குறைவு. சீட் கோடு அடித்து டாங்கியை வரவழைத்துச் சுற்றியதோடு சரி, கதையை முடித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இதில் தடை இரண்டு இடத்தில் வரும்.

ஒன்று, 'டெமாலிஷன் மேன்' என்ற மிஷன், அதாவது கேம் தரும் ஒரு வேலை. கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்குள் பொம்மை ஹெலிகாப்டரை ஓட்டி நான்கு குண்டுகளை, தளத்துக்கு ஒன்றாக வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு குண்டைத்தான் தூக்க முடியும். பலரும் தோற்பது அவசரத்தால். முதல் குண்டைத் தூக்கிய பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்கு முன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பறக்கலாம். அதனால் வெறும் ஹெலிகாப்டரோடு உள்ளே போய்ப் படிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது, குண்டு வைக்கும் இடங்கள் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்ப்படும் வேலையாட்களையும் காவலாளிகளையும் விசிறியாலேயே தீர்த்துவிடுங்கள். பிறகு முதல் குண்டை மேல் தளத்துக்குக் கொண்டு போங்கள், தூரமான வேலை முதலில் முடிந்துவிடும். கணினியில் ஆடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல்: ஹெலிகாப்டரை முன்னும் பின்னும் சாய்க்கும் கீகள் நம்பர் பேடில் இருக்கும். நம்பர் பேட் இல்லாத லேப்டாப்பில் ஹெலிகாப்டர் மேலே ஏறும், இறங்கும், முன்னால் மட்டும் நகராது. கன்ட்ரோல் செட்டப்புக்குப் போய் அந்தக் கீகளை மாற்றிக்கொண்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

இரண்டாவது தடை, தடை மாதிரியே தெரியாது. 'ரப் அவுட்' மிஷனில் போதை மருந்து தாதா டயஸைக் கொன்று அவன் மாளிகையைப் பிடித்ததும் கதை நின்றுபோனது போல இருக்கும். கேம் முடிந்துவிட்டது என்று நினைத்து விட்டவர்கள் உண்டு. உண்மையில் இங்கேதான் சொத்து வாங்கும் பகுதி ஆரம்பம். மாளிகையில் கிடைக்கும் 'ஷேக்டவுன்' மிஷனில் நார்த் பாயின்ட் மாலின் கடைக் கண்ணாடிகளை 5 நிமிடத்துக்குள் உடையுங்கள். அதன் பிறகு ஊரில் உள்ள தொழில்களை வாங்கலாம். 70,000 டாலர் விலையுள்ள பிரின்ட் வொர்க்ஸ் அச்சகம் கட்டாயம். அதோடு வேறு சில சொத்துகளின் வேலையையும் முடித்தால்தான் கடைசி இரண்டு மிஷன்கள் திறக்கும். 10,000 டாலருக்குக் கிடைக்கும் படகுத் துறையிலிருந்து தொடங்குங்கள், அங்கே ஒரே ஒரு மிஷன்தான். அடுத்து 20,000 டாலர் ஐஸ்கிரீம் கம்பெனி, அதன் பின் 40,000 டாலர் டாக்சி கம்பெனி. முடித்த ஒவ்வொரு தொழிலும் தினசரி பணம் தரும், அதையும் எடுத்துக்கொண்டே போனால் மாலிபு கிளப்புக்கான 1,20,000 தானாகச் சேரும்.

அடுத்து செகிரோ, பழைய ஜப்பானில் நடக்கும் வாள் சண்டை கேம். 2019-ல் தி கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம் விருது வாங்கியது. இதில் கடினத்தைக் குறைக்கும் வசதி கிடையாது. அஷினா கோட்டை உச்சியில் கெனிச்சிரோ என்ற பாஸ், அதாவது பெரிய எதிரி, வருமிடத்தில் பலர் மூட்டை கட்டிவிடுகிறார்கள். காரணம், அதே நிறுவனத்தின் பழைய கேமான டார்க் சோல்ஸ் பழக்கத்தில் தள்ளித் தள்ளி ஓடுவது. இங்கே ஓடினால் எதிரியின் போஸ்ச்சர் பட்டை (நிரம்பினால் அவன் நிலைகுலைந்து கொலை வெட்டுக்கு ஆளாவான்) நிரம்பாது. நெருங்கி நின்று, அவன் வாள் படும் கணத்தில் தடுக்க வேண்டும். பலர் கவனிக்காத ஒன்று: எதிரியின் உயிர்ப் பட்டை குறையக் குறைய, போஸ்ச்சர் தணியும் வேகமும் குறையும். ஆகவே முதலில் கொஞ்சம் உயிரைக் குறையுங்கள், அப்புறம் தடுப்பிலேயே போஸ்ச்சரை உடையுங்கள். உங்கள் போஸ்ச்சர் நிரம்பி வழியும் நிலையில் சற்றுத் தள்ளி, தடுப்பு பட்டனை அழுத்திப் பிடித்தபடி நின்றால் அது சீக்கிரம் தணியும்.

ஆபத்தான அடி வருகிறது என்று எச்சரிக்கும் சிவப்பு எழுத்து மின்னும்போது என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். கெனிச்சிரோ உயரக் குதித்து வெட்டிய பின், ஒன்று நேராகக் குத்துவான், இல்லையென்றால் காலடியில் வீசுவான். குத்துக்கு மிகிரி கவுன்டர்: அவனை நோக்கியே டாட்ஜ் (விலகும் பட்டன்) அழுத்துங்கள். வீச்சுக்குக் குதித்து, அந்தரத்தில் இருக்கும்போதே மறுபடி குதிப்பு பட்டனைத் தட்டினால் அவன் தலையில் மிதிக்கலாம். மூன்றாம் கட்டத்தில் மின்னலோடு எம்புவான். நீங்களும் குதித்து, மின்னலை அந்தரத்தில் வாங்கி, கால் தரையைத் தொடுமுன் வாளை வீசினால் அது அவனுக்கே திரும்பும். தரையில் நின்று வாங்கினால் பெரும்பாலும் அதோடு சரி.

மிகிரி, ஸ்கில் பாயின்ட் கொடுத்துக் கற்கும் ஒரு திறன்; அதைக் கற்காமல் இங்கே வரவே வராதீர்கள். முழுதாகச் சேர்ந்த ஸ்கில் பாயின்ட் செத்தாலும் போகாது, பாதி நிரம்பிய அனுபவப் பட்டைதான் குறையும். பல மாதம் கழித்துத் திரும்புபவர்கள் நேரே பாஸிடம் போகாமல், பாழடைந்த கோயிலில் இருக்கும் சாகாத ஹன்பேயிடம் பயிற்சி எடுங்கள். கை பழகாமல் போனால் விளையாட்டு மேல்தான் வெறுப்பு வரும். இவ்வளவு அழகான சண்டை முறையை அந்த வெறுப்பில் இழப்பது நியாயமில்லை.

அரக்கர்களை வேட்டையாடும் கதையான விட்சர் 3 கைவிடப்படுவது கடினத்தால் அல்ல, களைப்பால். நோவிகிராட் நகரில் நாயகனின் நண்பன் டான்டிலியனைத் தேடும் பகுதி ஆளுக்கு ஆள் தாவி நீண்டுகொண்டே போகும். ஸ்கெல்லிகே தீவுகளுக்குப் போனால் மேப்பில் கடல் முழுக்கக் கேள்விக்குறிகள். அவற்றில் பெரும்பாலானவை கடத்தல்காரர்களின் பீப்பாய்கள்தான். படகு, தாக்க வரும் சைரன் அரக்கிகள், முக்குளிப்பு, திரும்பவும் படகு. அவற்றைத் தொடவே தேவையில்லை, கதைக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. 2022 டிசம்பர் அப்டேட்டுக்குப் பிறகு மேப் ஃபில்டரில் அவற்றை மறைக்கவும் முடியும். உங்கள் லெவலைவிட 6 லெவலுக்குக் கீழே போன க்வெஸ்ட் (கேம் தரும் பணி) சாம்பல் நிறமாகிவிடும், அனுபவப் புள்ளி ஏறக்குறைய ஒன்றும் வராது. அப்படிப்பட்டவற்றைக் கதைக்காக மட்டும் ஆடுங்கள், லெவலுக்காக அல்ல. பிளடி பேரன் என்ற பிரபுவின் கதை வரும் பகுதிக்கு முன்பே விட்டவர்கள் கட்டாயம் திரும்பிப் போக வேண்டும், இந்த கேமின் எழுத்து எவ்வளவு நல்லது என்பது அங்கேதான் தெரியும். கதை மறந்திருந்தால் கவலையில்லை. லோடிங் நேரத்தில் வரும் கதைச்சுருக்கமும் மெனுவின் கிளாசரியில் உள்ள கதாபாத்திரக் குறிப்புகளும் போதும்.

கௌபாய் கேமான ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ஐ விடுபவர்கள் முதல் அத்தியாயப் பனிமலையிலேயே விடுகிறார்கள். அந்தப் பனிமலை முகாமான கோல்டர் பகுதி முடியும்வரை பொறுங்கள், இரண்டாம் அத்தியாயத்தில்தான் உலகம் திறக்கும். குதிரைப் பயணம் சலித்தால் மேப்பில் குறி வைத்து, குதிரையை ஓடவிட்டு, சினிமாட்டிக் கேமராவுக்கு மாறுங்கள், அது பாதையிலேயே போகும். முகாமின் கணக்குப் புத்தகத்தில் முதலில் கும்பல் தலைவன் டச்சின் கூடாரத்தையும் பிறகு நாயகன் ஆர்தரின் இடத்தையும் மேம்படுத்தினால் ஃபாஸ்ட் டிராவல் வரைபடம், அதாவது நொடியில் வேறு ஊர் போகும் வசதி, கிடைக்கும். ஒரே இடத்தில் பலமுறை தோற்றால் அதைத் தாண்டிப் போகவும் கேமே வழி தரும்.

வைக்கிங் கதையான அசாசின்ஸ் கிரீட் வல்ஹாலாவை மட்டும் தயங்காமல் விட்டுவிடலாம். ஒவ்வொரு பிராந்தியமும் ஏறக்குறைய தனிக் கதை: போ, கூட்டணி பிடி, கோட்டையைத் தாக்கு, உன் குடியிருப்பான ரேவன்ஸ்தோர்ப் திரும்பு. கிழக்கு ஆங்கிலியா பிராந்தியத்தை முடித்தவர்களுக்கு இந்த அச்சு தெரிந்திருக்கும். அதற்குமேலும் ஆசை இருந்தால் சண்டையின் கடினத்தைக் குறைத்துக் கதையை மட்டும் ஓட்டுங்கள்.

இடம் போதாமல் அழிப்பவர்களுக்கு ஒன்று. ரெட் டெட் 2 மட்டுமே கணினியில் 150 ஜிபி கேட்கும், அதை அழிப்பதில் தப்பில்லை. ஆனால் சேவ் ஃபைலைத் தனியே காப்பி எடுங்கள். வைஸ் சிட்டிக்கு அது டாக்குமென்ட்ஸில் 'ஜிடிஏ வைஸ் சிட்டி யூசர் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில் இருக்கும். அந்த ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் போட்டு வைத்தால், எப்போது வேண்டுமானாலும் விட்ட இடத்திலிருந்து எடுக்கலாம்.