ஈ ஓட்டிக்கொண்டிருந்த போஸ்டர்

அன்புள்ள சார்,

கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு மாட்டாஸ்பத்திரியில் டாக்டராக இருக்கிறேன். வேலையில் சேர்ந்து மூன்று வருடம். அடுத்த மாதம் திருச்சூர் பக்கம் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரியில் இரண்டு நாள் கருத்தரங்கு. முதன்முறையாகப் போகிறேன், கட்டுரை எதுவும் வாசிக்கவில்லை. "பையும் பிரியாணியும் கிடைக்கும், சர்டிபிகேட் வாங்கிட்டு வா" என்கிறார்கள் சீனியர்கள். கைக்காசும் லீவும் போகிறது. என் மலையாளத்தைக் கேட்டதுமே "தமிழ்நாடா?" என்பார்கள். அங்கே யாரிடம் போய் என்ன பேசுவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள டாக்டர்,

பிரியாணியைக் குறைத்து எடை போடாதீர்கள். அந்த வரிசையில்தான் பெரிய ஆட்கள் தட்டோடு சும்மா நிற்பார்கள்.

என் முதல் கருத்தரங்கில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து ஸ்லைடு ஸ்லைடாக எழுதினேன். மதியம் தூங்கியும் போனேன். ஊருக்கு வந்து நோட்டைப் பிரித்தால் என் கையெழுத்தே எனக்குப் புரியவில்லை. எழுதியதில் முக்கால்வாசி அவர்கள் தந்த புத்தகத்திலேயே இருந்தது.

அடுத்த முறை பஸ் தாமதம், அரங்கில் இடமில்லை. வராந்தாவில், ஆராய்ச்சியை ஒரே தாளில் விளக்கும் போஸ்டர்களை மாட்டி வைத்திருந்தார்கள். ஒரு பையன் தன் போஸ்டர் முன்னால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். பாவமாக இருந்தது, "இது என்னப்பா?" என்றேன். அவ்வளவுதான், அரை மணி நேரம் விடவில்லை.

வெளியே தெரியாத மடிநோயைத் துணி சோப்புத்தூளை வைத்துக் கண்டுபிடிப்பது பற்றியது அது. அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் தூள். காம்புக்கு ஒரு கிண்ணம், பாலும் கரைசலும் சம அளவு. சுழற்றினால் நோயுள்ள காம்பின் பால் கூழாகித் திரளும். சோப்பு பாலிலுள்ள செல்களை உடைக்க, உள்ளேயிருக்கும் டிஎன்ஏ வெளியே வந்து ஜவ்வாகிவிடுகிறது. இதையே தனி மருந்து வைத்துச் செய்யும் கலிபோர்னியா டெஸ்டைக் காலேஜில் படித்திருந்தேன், ஆனால் அந்த மருந்து எங்கள் டிஸ்பென்சரிக்கு மாதக்கணக்கில் வராது. அடுத்த வாரமே மூலத்தறைப் பக்கம் ஒரு தொழுவத்தில் செய்து காட்டினேன். கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இந்தச் சோப்பு நம்மூட்டுலயே இருக்குதே டாக்டரே" என்றார்.

அதனால், போஸ்டர் முன்னால் தனியாக நிற்பவர்களிடம் போய்ப் பேசுங்கள். சிறப்பு விருந்தினரைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர் இருப்பார்கள், அவரை விட்டுவிடுங்கள். அவருடைய மாணவர் யாராவது டீக்கடைப் பக்கம் இருப்பார், அவரைப் பிடியுங்கள்.

போகும்போது ஒரு மாட்டைக் கூட்டிக்கொண்டு போங்கள். பயப்படாதீர்கள், காகிதத்தில்தான். உங்களைத் திணறடித்த ஒரு கேஸை நாலு வரியில் எழுதி வைத்துக்கொண்டு, பார்க்கிற எல்லாரிடமும் அதையே கேளுங்கள். மூன்றாவது ஆள் சொல்வது முதல் ஆள் சொன்னதற்கு நேர் எதிராக இருக்கும். அதற்கப்புறம்தான் பேச்சு சூடு பிடிக்கும்.

மலையாளத்தைப் பற்றிய கவலை வேண்டாம். பொள்ளாச்சிச் சந்தையில் செவ்வாயும் வியாழனும் வாங்கி, கோபாலபுரம் வழியாக இந்தப் பக்கம் வருகிற மாட்டை முதலில் தொட்டுப் பார்ப்பது உங்களைப் போன்றவர்கள்தானே? என்ன நோயோடு வருகிறது, விற்றவர் என்ன சொல்லி விற்றார் என்பதெல்லாம் பல்கலைக்கழகத்தில் இருப்பவருக்கு அவ்வளவு சுலபமாகத் தெரியவராது. அவர் மலையாளத்தில் அகிடுவீக்கம் என்பார், நீங்கள் மடிநோய் என்பீர்கள், நோய் ஒன்றுதான். "தமிழ்நாடா?" என்று கேட்டால் இந்தச் சந்தைக் கதையிலிருந்தே ஆரம்பியுங்கள்.

இரண்டாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வரும். அனுமதி கிடைத்தால் எழுந்து போய், கேரளத்தின் குட்டை இனமான வெச்சூர் மாடுகளைப் பார்த்துவிடுங்கள். கிட்டத்தட்ட மூன்றடி உயரம்தான் இருக்கும். அழிந்தே போயின என்று நினைத்த இனத்தை 1989-இல் அங்கே பேராசிரியராக இருந்த சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் தேடிப் பிடித்து அங்கே காப்பாற்றினார்கள். அரங்கில் அந்த ஒரு மணி நேரம் உங்களை யாரும் தேட மாட்டார்கள்.

யாராவது கார்டு கொடுத்தால் அன்று ராத்திரியே பின்பக்கம் என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள். என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கார்டுகள் இருக்கின்றன, பாதிப் பேர் யாரென்றே தெரியவில்லை. ஒரு வாரத்துக்குள் இரண்டு பேருக்காவது மெசேஜ் போடுங்கள். சும்மா வணக்கம் வேண்டாம், அவர்கள் சொன்னதைச் செய்து பார்த்து என்ன ஆனது என்று.

சர்டிபிகேட்டையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், ஆபீஸில் கேட்பார்கள். அப்புறம், அந்த நாலு வரி மாடு எது என்று எனக்கும் எழுதுங்கள்.