பிப்ரவரியில் கிரேக்கத் தீவு: தீவை முதலில் பாருங்கள், ஏதென்ஸ் காத்திருக்கும்

கேள்வி: பிப்ரவரி முதல் வாரத்தில் நானும் மனைவியும் சென்னையிலிருந்து கிரேக்கம் செல்கிறோம். முதல் ஐந்து நாட்கள் ஏதென்ஸ். பிறகு நக்சோஸ் தீவில் நான்கு இரவுகள். கடைசி நாள் காலை கப்பலில் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகம் திரும்பி, அன்றிரவே விமானம் ஏற வேண்டும். நக்சோஸ் விடுதியில் பணம் திரும்பக் கிடைக்காத அறை இரவுக்கு 45 யூரோ. ரத்து செய்யக்கூடியது 56 யூரோ. “குளிர்காலத்தில் கப்பலை நம்பாதே, வேலைநிறுத்தம் வேறு நடக்கும்” என்று நண்பர் பயமுறுத்துகிறார். தீவைக் கைவிட்டுவிடலாமா?

பதில்: தீவைக் கைவிட வேண்டாம். வரிசையை மட்டும் தலைகீழாக மாற்றுங்கள். விமானம் இறங்கியதும் ஏதென்ஸில் ஓர் இரவு தூங்கி எழுந்து நேராக நக்சோஸ் போங்கள். ஏதென்ஸ் நாட்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தீவில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டால் அக்ரோபோலிஸ் பார்க்கும் நேரம் குறையும், அவ்வளவுதான். உங்கள் இப்போதைய திட்டத்தில் அதே இரண்டு நாள், இரண்டு பேரின் விமான டிக்கெட்டை விழுங்கிவிடும். கப்பல் டிக்கெட்டும் விமான டிக்கெட்டும் தனித்தனியாக வாங்கியவை என்பதால், கப்பல் ஓடாமல் நீங்கள் விமானத்தைத் தவறவிட்டால் விமான நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது.

உங்கள் நண்பர் சொல்வதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று காற்று. ஏஜியன் கடலில் காற்று, காற்றின் வலிமையை அளக்கும் போஃபர்ட் அளவுகோலில் எட்டை, அதாவது மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால், கடலோரக் காவல்துறை பொதுவாகக் கப்பல்களைத் துறைமுகத்தை விட்டு நகர விடாது. அதிவேகக் கப்பல்களை அதைவிடக் குறைந்த காற்றிலேயே நிறுத்திவிடுவார்கள். இந்தத் தடைக்கு ‘அபகோரெஃப்டிகோ’ என்று பெயர். தீவில் இறங்கிய மறுநாளே இந்தச் சொல் உங்கள் காதில் விழும். காபிக்கடையில் அதைச் சொல்லிவிட்டுத் தோளைக் குலுக்குவார்கள். ஒருமுறை சீரோஸ் தீவில் இந்தத் தடையால் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினேன். விடுதிக்காரர் இரண்டாம் இரவுக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். கோடையில் இந்தத் தாராளத்தை எதிர்பார்க்காதீர்கள்.

விமானத்தில் போய்விட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று நினைக்கலாம். நக்சோஸின் ஓடுபாதை மிகச் சிறியது. சின்ன விசிறி விமானங்கள்தான் அங்கே இறங்கும். கப்பலை நிறுத்தும் காற்று அவற்றையும் நிறுத்தக்கூடும்.

இன்னொன்று வேலைநிறுத்தம். இது பெரும்பாலும் சில நாட்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டுவிடும், வழக்கமாக 24 மணி நேரம், சில சமயம் 48. ஆனால் வந்தால் மொத்தமாக வரும். 57 பேர் உயிரிழந்த தெம்பி ரயில் விபத்தின் இரண்டாம் ஆண்டு நிறைவான 28 பிப்ரவரி 2025 அன்று கப்பல், ரயில், விமானம் எல்லாமே நின்றன. ஆகவே ஏதென்ஸில் கடைசியாகக் குறைந்தது இரண்டு இரவுகள் கையில் இருக்கட்டும்.

இப்போது அறை. வித்தியாசம் இரவுக்கு 11 யூரோ, நான்கு இரவுக்கு 44 யூரோ. 56 யூரோ அறையையே எடுங்கள். பருவமில்லாத காலத்தில் மலிவாகக் கிடைப்பதையெல்லாம் அள்ளுவது எனக்கும் பிடிக்கும். ஆனால் தேதி நம் கையில் இல்லாத பயணத்தில் ‘பணம் திரும்பாது’ என்ற அறை மலிவே அல்ல. பணம் கட்டுமுன் விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி மூன்று கேள்விகள் கேளுங்கள்: அந்தத் தேதியில் உண்மையிலேயே திறந்திருக்கிறீர்களா? அறையில் சூடேற்றும் வசதி உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா? மேகமூட்டமான நாளில் வெந்நீர் வருமா? தீவு அறைகளில் பல கோடைக்காகக் கட்டப்பட்டவை. வெந்நீருக்கு மாடியில் உள்ள சூரிய ஒளித் தகட்டை நம்பியிருப்பவை. கடற்கரை விடுதிகளில் பெரும்பாலானவை பூட்டியிருக்கும், எனவே துறைமுக நகரமான ஹோராவிலேயே தங்குங்கள். அங்கிருந்து நடந்தே போர்த்தாராவுக்கு, அதாவது கட்டி முடிக்கப்படாத அப்பல்லோ கோயிலின் பளிங்கு வாசலுக்குப் போய்விடலாம். கோடையில் அந்த வாசலைப் படமெடுக்க வரிசை நிற்கும். பிப்ரவரியில் நீங்களும் காற்றும்தான். அதிர்ஷ்டம் இருந்தால் காற்றும் இராது. நடுக்குளிர்காலத்தில், பெரும்பாலும் ஜனவரியில், திடீரென வெயிலடித்துக் கடல் அடங்கிக் கிடக்கும் சில நாட்களை, மீன்கொத்தி முட்டையிடும் நாட்கள் என்று பழங்கதையைக் காட்டிச் சொல்வார்கள்.

கப்பல் டிக்கெட்டை இப்போதே வாங்க அவசரமில்லை. குளிர்காலத்தில் கூட்டம் குறைவு. ஒவ்வொரு கப்பலும் ஆண்டுப் பராமரிப்புக்காகச் சில வாரங்கள் ஒதுங்கும் காலமும் இதுதான் என்பதால், கால அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும். அதிவேகக் கப்பல்கள் பெரும்பாலும் இராது. பெரிய கப்பலில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆனால் அலையைத் தாங்குவதும் அதுதான். எகானமி டிக்கெட் போதும்.

நான்கு இரவும் ஒரே தீவில் என்று பிடிவாதம் இல்லையென்றால் சீரோஸையும் யோசியுங்கள். நக்சோஸும் சேர்ந்த சைக்ளேட்ஸ் தீவுக்கூட்டத்தின் தலைநகர் அது. அரசு அலுவலகங்கள் இருப்பதால் ஆண்டு முழுவதும் கடைகள் திறந்திருக்கும், பிரேயஸிலிருந்து தூரமும் குறைவு. 1864இல் கட்டிய அப்பல்லோ நாடக அரங்கும் அங்கே இருக்கிறது.

கேள்வி: வேலைநிறுத்தத்தால் என் கப்பல் ரத்தானது. டிக்கெட் விற்ற இணையதளம் ‘வவுச்சர்தான் தருவோம்’ என்கிறது. கூடவே ஒரு நாள் விடுதிச் செலவும் ஆனது. எதைக் கேட்கலாம்?

பதில்: வவுச்சரை ஒப்புக்கொள்ள நீங்கள் கட்டுப்பட்டவர் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 விதிமுறைப்படி, ரத்தானால் வேறு பயணமா, டிக்கெட் பணமா என்று தேர்ந்தெடுப்பவர் பயணிதான். பணம் என்றால் ஏழு நாளில் திரும்ப வேண்டும். உங்கள் சம்மதம் இருந்தால் மட்டுமே வவுச்சர். இணையதளம் தனியாகப் பிடித்த சேவைக் கட்டணம் திரும்புவது வேறு கதை. அதற்காக அதிகம் மல்லுக்கட்ட வேண்டாம்.

விடுதிச் செலவுக்கு அதே விதிமுறையில் இரவுக்கு 80 யூரோ வரை, மூன்று இரவுகள் வரை இடமுண்டு. வானிலை காரணம் என்று கப்பல் நிறுவனம் நிரூபித்தால் இது கிடையாது. டிக்கெட் வாங்குவதற்கு முன்பே ரத்து உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் கிடையாது. வேலைநிறுத்தம் வானிலை அல்ல, ஆகவே ரசீதோடு கேளுங்கள். புகாரை இணையதளத்துக்கு மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல், கப்பல் நிறுவனத்துக்கே இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் அனுப்புங்கள்.

கேள்வி: விசாவுக்காக எடுத்த காப்பீடு இதற்கெல்லாம் உதவுமா? தீவில் சிக்கி விசா நாட்கள் முடிந்துவிட்டால்?

பதில்: ஷெங்கன் விசாவுக்குக் கட்டாயமான 30,000 யூரோ காப்பீடு மருத்துவத்துக்கானது. தவறவிட்ட இணைப்பு, தாமதம் ஆகியவை தனி. அதிலும் பல பாலிசிகளில் ‘இணைப்பு’ என்றால் விமானம் மட்டுமே. கப்பல் என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அறிவிப்பு வெளியான பிறகு வாங்கிய பாலிசி அந்த வேலைநிறுத்தத்துக்கு உதவாது.

விசா விஷயத்தில், நம் கையை மீறிய காரணத்தால் வெளியேற முடியாமல் போனால் தங்கும் காலத்தைக் கட்டணமின்றி நீட்டித்துத் தர வழி இருக்கிறது. விசா நாட்கள் முடிவதற்குள் அங்குள்ள காவல்துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். ரத்தான கப்பலின் குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள். கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.